ஒட்டோகார் வென்றிருந்தால்?

இந்த வம்பு எனக்குக் கணக்கு வகுப்பில் வந்து சேர்ந்தது. கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலங்களையும், எதையும் இருமுறை மிதிக்காமல், ஒரே நடையில் கடந்துவிட முடியுமா என்பது பழைய புதிர். முடியாது என்று ஆய்லர் நிறுவிக் காட்டினார். பேராசிரியர் பாலங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, என் மனமோ ஊரின் பெயரிலேயே நின்றுவிட்டது. 'அரசன் மலை' என்பது அதன் பொருளாம். எந்த அரசன்?

நூலகத்தில் விடை கிடைத்தது. 1255-இல் அந்தப் பக்கம் சிலுவைப் போருக்குச் சென்ற பொஹீமிய மன்னன் இரண்டாம் ஒட்டோகாரின் நினைவாக இட்ட பெயர் அது. (ஊர் இன்று ரஷ்யாவில், கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. மன்னன் பெயரிலிருந்தும் போய்விட்டான்.) பெயரைக் கேட்ட என் அறை நண்பர், "என்ன, ஒட்டகமா?" என்றார். அன்று முதல் விடுதியில் அது எனக்கே பட்டப்பெயராகிவிட்டது.

பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி. ஒட்டோகார் 1253-இல் அதற்கு அரசனாகும் முன்பே ஆஸ்திரியாவைக் கைக்கொண்டவன். 1260-இல் ஹங்கேரியரை வென்றான், ஸ்டீரியாவும் வந்தது. 1269-இல் கரிந்தியாவும் கார்னியோலாவும் சேர்ந்தன. அவன் ஆட்சி தெற்கே அட்ரியாட்டிக் கடற்பக்கம் வரை நீண்டது. இவ்வளவு பெரியவனைத் தலைமேல் ஏற்றிக்கொள்ள ஜெர்மன் சிற்றரசர்களுக்கு விருப்பமில்லை. 1273-இல் ஹாப்ஸ்பர்க் குடியைச் சேர்ந்த ருடால்பை மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் ருடால்ப் படையோடு வந்து ஆஸ்திரியா முதலிய நாடுகளைப் பறித்துக்கொண்டார்.

அவற்றை மீட்க ஒட்டோகார் புறப்பட்டான். 1278 ஆகஸ்டு 26-ஆம் நாள், வியன்னாவுக்கு வடகிழக்கே உள்ள சமவெளியில் போர். ருடால்பின் குதிரை மடிந்து அவரே தரையில் விழுந்தார். வெற்றி செக் பக்கம் சாய்வதுபோல் இருந்த வேளையில், மறைவில் நிறுத்தியிருந்த குதிரை வீரர்கள், ஐம்பது அறுபது பேர் என்பார்கள், பக்கவாட்டில் பாய்ந்தார்கள். ஒளிந்து தாக்குவது இழுக்கு என்று எண்ணிய காலம் அது. அவர்களுடைய தலைவன் தன் ஆட்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டானாம்! ஒட்டோகார் அன்று களத்தில் மாண்டான். ஆஸ்திரியா 1918 வரை ஹாப்ஸ்பர்க் குடியிடமே இருந்தது.

ஒரு சமன்பாட்டில் தொடக்க நிலையைச் சிறிது மாற்றிவிட்டு, விடை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது பௌதிக மாணவனின் பழக்கம். சங்கப் பேச்சரங்கில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். நான் அந்த அறுபது குதிரைகளை அழித்துவிட்டேன். ஒட்டோகார் வென்றான். ஹாப்ஸ்பர்க் குடியினரை அவர்களுடைய பழைய மலைநாட்டுக்கே திருப்பி அனுப்பினேன். வியன்னாக் கடைத்தெரு முழுவதும் செக் மொழிப் பலகைகளை மாட்டினேன்.

அந்தப் பலகைகளில் எனக்கு ஏன் அவ்வளவு ஆசை? தமிழகத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்தவன் நான். வீட்டுக்குள் தமிழ்; வாசற்படி தாண்டினால் வேறு மொழி. எழுத்துக்களை அம்மா மாவுப் பலகையில் கற்றுக்கொடுத்தார்கள். 1784-இல் பிராக் பல்கலைக்கழகத்தில் லத்தீன் எழுந்து போனபோது, அந்த நாற்காலியில் ஜெர்மன் உட்கார்ந்தது, செக் அன்று என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொந்த ஊரிலேயே நின்றுகொண்டிருந்த மொழிக்கு ஒரு நாற்காலி போடத்தான் இத்தனை பாடும்.

பேச்சை முதலில் எங்கள் விடுதி அண்ணன் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் வரலாற்று ஆராய்ச்சி மாணவர், தஞ்சாவூர்க்காரர். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. உன் ஒட்டோகார் பிராகில் யாரைக் குடிவைத்தான் என்று பார்த்தாயா?"

பார்த்தேன். 1257-இல் பிராக் கோட்டையின் அடிவாரத்தில் புதுநகரம் அமைத்தபோது, அங்கே இருந்த மக்களைக் கிளப்பிவிட்டு ஜெர்மானியரைக் குடியேற்றியவன் அவனேதான்! நகரம் வளரவேண்டும், தொழில் பெருகவேண்டும், வரி வரவேண்டும். அவனுக்கு வேண்டியவை அவை. நான் மாட்டிய பலகைகளை முதலில் கழற்றியிருப்பவன் அவனாகத்தான் இருக்கும். அன்று இரவு உணவுக்கு நான் போகவில்லை. கோபம் அண்ணன்மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை.

மேலும் படித்தேன். தோல்வியோடு கதை முடிந்துவிட்டது என்று நான் எண்ணியதும் தவறு. தந்தை இறந்தபோது மகன் வாட்ஸ்லாவுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. அவன் வளர்ந்த காலத்தில் குட்னா ஹோரா சுரங்கங்களில் வெள்ளி குவிந்தது. 1300-இல் அந்த வெள்ளியில் பிராக் குரோஷன் நாணயம் அடித்தார்கள். அதே ஆண்டு வாட்ஸ்லாவ் போலந்துக்கும் முடிசூடினான். 1301-இல் அவனுடைய மகனுக்கு ஹங்கேரியின் முடி. போர்க்களத்தில் எல்லாம் இழந்து 23 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன; என் வயது! ஒரு குடும்பத்தில் மூன்று முடிகள். என் கற்பனை வெற்றிகூட அவனுக்கு இவ்வளவு தரவில்லை.

அதுவும் நிற்கவில்லை. 1305-இல் வாட்ஸ்லாவ் 33 வயதில் நோயால் இறந்தான். பதினாறு வயது மகன், ஹங்கேரியை விட்டுக்கொடுத்துவிட்டு, போலந்தையாவது காக்கப் படை திரட்டினான். போலந்துக்காரர்கள் இந்த ஆட்சி வேண்டாமென்று ஏற்கெனவே எழுந்துவிட்டார்கள். 1306 ஆகஸ்டு 4-ஆம் நாள் ஓலோமோட்ஸ் நகரில் அவனை ஒருவன் குத்திக் கொன்றான். வாரிசு இல்லை. குடி அற்றுப்போயிற்று. நான் அறுபது குதிரைகளை அழிக்க எத்தனை தாள்களைக் கிழித்தேன்! அழிக்கவேண்டியது ஒரு கத்தி.

ஆனால் அந்தக் கத்தியையும் நான் அழிக்கவில்லை. அழித்தால், போலந்து மாணவன் ஒருவன் தன் பேச்சரங்கில் எழுந்து, 'செக்கர்கள் மட்டும் வராதிருந்தால்' என்று பத்து நிமிடம் பேசவேண்டியிருக்குமே என்று தோன்றியது. ஆகவே நடந்ததை நடந்தபடியே பேசிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் சுமார்தான். பரிசு, 'மாம்பழத்துக்குக் கொட்டை இல்லாதிருந்தால்' என்று பேசியவருக்குப் போயிற்று. உண்மையில் நன்றாகத்தான் பேசினார்.

முதலாண்டுத் தம்பி ஒருவன் மட்டும் படிக்கட்டுவரை பின்னாலேயே வந்தான்.

"அண்ணா, அந்தப் பையனை யார் குத்தினது?"

"யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை."

"அதைக் கண்டுபிடிக்காமலா இவ்வளவு நேரம் பேசினீங்க?" என்றான்.