எண்ணெய் மேலே ஏறாது

நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் சத்தம் ஏறியது, முள் ஏறியது, வண்டி மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே ஒரு தீய்ந்த வாசனை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாசனை அப்பாவின் சட்டையில் இருந்து வரும். சின்ன வயதில் அதுதான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதற்கு அடையாளம்.

என் வண்டி 1991ஆம் வருடத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்று, பிறகு பழைய வண்டியாக இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்தது. ரெண்டே சீட், மடக்குகிற கூரை, 1597 சிசி எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக இதைக் காட்டியபோது, அறுபதுகளின் சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை, முக்கியமாக லோட்டஸ் எலானை, ஒழுகாமல் நிற்காமல் ஓடும்படி ஜப்பான்காரர்கள் திரும்பச் செய்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். என்னுடையது ஒழுகியது. முப்பது வயதுக்கு மேல் ஆனால் யார்தான் ஒழுகாமல் இருப்பது?

நான் இருப்பது கவெண்ட்ரியில். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் மாற்ற எழுநூறு பவுண்டு கேட்டார்கள். சாமான் மட்டும் வாங்கினால் இருநூறுக்குள் முடியும். ஆனால் காசுக்காகத்தான் நானே இறங்கினேன் என்று சொன்னால் பொய். சாஃப்ட்வேர் வேலையில் பத்து வருஷம் ஆகிவிட்டது. ஒரு பொருளைக் கழற்றி மாட்டி, அது ஓடுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க ஆசையாக இருந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை.

அப்பா சிங்காநல்லூரில் இருபத்தாறு வருஷம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். அம்பாசடர், பத்மினி, கடைசிக் காலத்தில் மாருதி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வாசல் வரைக்கும்தான் போகலாம். உள்ளே காலை வைத்தால் ஒரே அதட்டல். பெண் பிள்ளை என்பதால்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காலேஜ் சேர்ந்த பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: “வீட்டுக்குப் போய் வண்டி பாத்தா காபி குடுப்பாங்க அம்மிணி. கையில குடுக்க மாட்டாங்க. திண்ணையில வெச்சிட்டு உள்ள போயிருவாங்க. அந்தக் கை உனக்கு வேண்டாம்னுதான்.”

வேண்டாம் என்று அவர் நினைத்த அந்தக் கையைத்தான் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் காட்டிவிட்டேன். இங்கே மாலை நாலு மணி, அங்கே ராத்திரி ஒன்பதரை. முடியை ஒதுக்கினேன், அவ்வளவுதான்.

“நகத்துல என்ன கண்ணு, க்ரீஸா?”

சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஆயில் எங்க ஒழுகுது?” என்றார்.

கியர் பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில் சொட்டுகிறது, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும், யூடியூபில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றேன்.

“நீ பாத்தியா?”

“இல்லீங்ப்பா.”

“எண்ணெய் மேல ஏறாது. கீழதான் இறங்கும். மேலிருந்து தொடச்சுட்டு வா, எங்க ஈரம் ஆரம்பிக்குதுன்னு பாரு.”

துடைத்துவிட்டு பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், கை நுழையாத இடுக்கில், கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. கேம் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற உறுப்பு. அதன் அடியில் ஓர் ஓ ரிங். முப்பது வருஷச் சூட்டில் ரப்பர் வளையல் மாதிரி இறுகிப்போயிருந்தது. அங்கிருந்துதான் எண்ணெய் வழிந்து, எஞ்சின் முதுகோடு இறங்கி, கியர் பாக்ஸ் தலையில் சொட்டியிருக்கிறது. ஒரு காபி விலைகூட இல்லை அந்த ரிங். சென்சாரைக் கழற்றுவதற்கு முன்னால் அது நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கொஞ்சம் திரும்பினாலும் இக்னிஷன் டைமிங் மாறிவிடும்.

ஒழுகல் நின்றது. ஆனால் கிளட்சுக்கு வேறு வழியில்லை, கியர் பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும்.

நாலு ஸ்டாண்டில் வண்டியை ஏற்றினேன். எக்ஸாஸ்ட் குழாய், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் பாக்ஸையும் டிஃப்ரென்ஷியலையும் இணைக்கிற நீள அலுமினியச் சட்டம், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழன்றது. ஸ்டார்ட்டரின் மேல் போல்ட் ஒன்றுக்கே ஒரு சாயங்காலம் போனது. அப்பா தினமும் கூப்பிட்டார். “ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னா சீட்டக் கழட்டிட்டு கியர் பாக்ஸ உள்ளிருந்தே எடுத்திரலாம். அடியில படுக்கற வேலையே இல்ல” என்றார். ஹெரால்டின் பூர்வீகம் நான் இருக்கிற இதே ஊர்தான். 1903இல் ஸ்டாண்டர்டு கம்பெனி தொடங்கியது கவெண்ட்ரியில். 1961இலிருந்து ஹெரால்டைச் சென்னையில் செய்தார்கள். அதைச் சொன்னதும், “அப்ப நீ சரியான ஊருக்குத்தான் போயிருக்க” என்றார்.

கியர் பாக்ஸ் இறங்கியதும் கிளட்ச் பிளேட்டைப் பார்த்தேன். எஞ்சினோடு சுற்றுகிற ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் அழுந்திக் கிடக்கிற வட்டம் அது. அந்த அழுத்தத்தில் பிறக்கிற உராய்வுதான் சக்கரத்துக்குப் போகிற சக்தி. மிதியை மிதித்தால் அழுத்தம் விலகும், எஞ்சின் தனியாகச் சுற்றும். என் பிளேட்டில் உராய்கிற பகுதி ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்திருந்தது. பின்பக்க ஆயில் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது. “அவ்வளவு தூரம் போயிட்டு மாத்தாம வராத” என்றார் அப்பா. மாற்றினேன்.

கழற்றியதுதான் கழற்றினோம், பழையதையே எதற்குப் போடவேண்டும்? 1.6 எஞ்சினுக்கு வந்த கிளட்ச் 200 மில்லிமீட்டர். பின்னால் வந்த 1.8 எஞ்சினுடையது 215. அதன் ஃப்ளைவீலும் இதில் அப்படியே உட்காரும். ஆபீஸ் நண்பன் எடை குறைந்த ரேஸ் ஃப்ளைவீல் போடச் சொன்னான். எஞ்சின் சட்டென்று ஏறும், ஆனால் சிக்னலில் எடுக்கும்போது அடிக்கடி நின்றுபோகும். நான் ரேஸுக்குப் போவதில்லை, ஆபீஸுக்குப் போகிறேன். 1.8 உடையதையே போட்டேன். ஃப்ளைவீல் போல்ட்டுகளுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்றதும் அப்பா, “இன்னொருக்கா காட்டு” என்றார். அவர் காலத்தில் அந்த எண்ணைக் கைதான் சொல்லும்.

மாட்டும்போதுதான் வினை. கியர் பாக்ஸ் முப்பத்தைந்து கிலோ இருக்கும். ஜாக்கியில் வைத்துத் தள்ளினேன். உள்ளே போய், கடைசி ஒரு சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. அசைத்துப் பார்த்தேன். ஜாக்கி நழுவியது. சட்டென்று நெஞ்சில் தாங்கிக்கொண்டேன். டயர்மேல் சாய்த்து வைத்திருந்த ஃபோனில் அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எறக்கு! அத எறக்கீட்டு வெளிய வா!”

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மெதுவாகச் சாய்த்து இறக்கி வெளியே வந்தேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது.

அப்பாவின் முதுகு போனது 2009இல், நான் பத்தாவது படிக்கும்போது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் எங்களுக்குச் சொன்னார். ஆறு மாதம் படுக்கை, பிறகு ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர். அன்றைக்குத்தான் நடந்ததைச் சொன்னார். கல்யாணத்துக்குப் போகவேண்டிய அம்பாசடர். காலை ஆறு மணிக்கு வண்டி வேண்டும் என்றார்கள். ஒத்தாசைக்கு இருந்த பையன் ஊருக்குப் போயிருந்தான். ராத்திரி பதினோரு மணிக்கு, தனியாக, கியர் பாக்ஸை நெஞ்சில் வைத்துத் தூக்கியிருக்கிறார். இடுப்பில் ஏதோ பிடித்தது. அப்படியே மாட்டி முடித்து, ஆறு மணிக்கு வண்டியைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

“ஏனுங்ப்பா சொல்லல?”

“சொன்னா மறுக்கா அந்தப் பக்கம் போகவே விட மாட்டா. சரியானதும் தொறக்கலாம்னு இருந்தேன்.”

அன்று நான் கராஜைப் பூட்டினேன். பதினோரு நாள் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது. பஸ்ஸில் ஆபீஸ் போனேன், ஒன்றும் குடிமுழுகவில்லை. அவருக்கும் எனக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அந்தப் பதினோரு நாள்தான் என்று இப்போது தோன்றுகிறது. வேலை ஒன்றுதான், எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். என்னால் தள்ளிப்போட முடிந்தது. அவருக்கு ஆறு மணிக்குக் கல்யாணம்.

நண்பன் வந்தான், கூடவே வாடகைக்கு ஒரு கியர் பாக்ஸ் ஜாக்கியும். அப்பா ஃபோனில் இருந்தார். “போல்ட்டப் போட்டு இழுக்காத, பிளேட்டு வளைஞ்சிரும். கியர்ல போட்டுட்டுப் பின்னாடி ஷாஃப்டக் கையால மெல்லத் திருப்பு. பல்லு சேர்ற எடம் வந்தா அதுவே போகும்.” திருப்பினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ‘டக்’ என்று உள்ளே போய் உட்கார்ந்தது. கோவையில் யாரோ கைதட்டுவது கேட்டது. அம்மா.

அதே சாலையில், அதே நாலாவது கியரில் மிதித்தேன். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறின. அப்பா அதைக் கேட்கவில்லை. “முதுகு வலிக்குதா?” என்றுதான் கேட்டார்.

இதை எழுதலாமா என்று போன வாரம் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்றேன்.

“தெரிஞ்சா தெரியட்டும், இனி என்ன பண்ணிருவா” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “எழுதறதுன்னா அந்த ஓ ரிங் விஷயத்த விட்டுராத. நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்.”