கோல்மன் ஸ்திரீட்டில் ஒரு ‘கிர்ர்ர்’

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, அன்று இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலய வளாகத்தைத் தாண்டினால் கோல்மன் ஸ்திரீட். ஒருபுறம் மியன்மார் உணவு மணக்கும் பெனின்சுலா பிளாசா. மறுபுறம் பெனின்சுலா கடைத்தொகுதி: கேமராக் கடைகள், கித்தார் கடைகள். மாடியேறும்போதே யாரோ ஒருவர் கித்தாரைச் சோதித்துப் பார்ப்பது கேட்கும். சனிக்கிழமை என்றால் நாலைந்து பாட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஒலியைச் சுத்தப்படுத்துவதே பிழைப்பாகிப்போன எனக்கு, இந்த ஊரில் மிகப் பிடித்த கூச்சல் அதுதான்.

சென்ற மாதம் ஒரு நண்பருடன் அங்கே போனேன். அவர் கையில் ரெசனேட்டர் பேஸ் கித்தார். நடுவில் கார் சக்கர மூடி போல ஓட்டை போட்ட உலோகத் தட்டு, அதன் அடியில் மெல்லிய அலுமினியக் கூம்பு. மின்சாரக் கித்தார் வராத காலத்தில் சத்தத்தைக் கூட்டுவதற்காக, ஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜான் டோப்யேரா 1920களில் உருவாக்கிய ஏற்பாடு இது.

நண்பரின் கருவியில் ஒரு சுரத்தைத் தொட்டால் மட்டும், டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ‘கிர்ர்ர்’ என்று இரையும். மேடையில் அது மறைந்துவிடும். ஒலிப்பதிவுக்கூட மைக் விடாது. மென்பொருளில் வடிகட்டினால் அடிநாதமும் சேர்ந்து போகிறது. எங்கள் அடுத்த பதிவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். வாங்கித் தந்தவர், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அவருடைய அப்பா. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மேல்மாடியில் சின்னதாக ஒரு பழுதுபார்க்கும் இடம். அங்கிருந்த சீன அங்கிள் திருப்புளியைத் தொடவே இல்லை. அதே சுரத்தை வேறொரு தந்தியில் வாசிக்கச் சொன்னார். அங்கும் இரைந்தது. அப்படியானால் தந்தி கட்டையில் உரசவில்லை. உரசினால் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் கேட்கும். உடலுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து, அந்தச் சுரம் வரும்போது கூடவே அதிர்கிறது. நண்பர் வாசிக்க வாசிக்க, அங்கிள் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். தந்தி முறுக்கும் சாவிகள், வால்பகுதி, தட்டின் விளிம்பு. நடுவில் அழுத்தியதும் இரைச்சல் அடங்கியது.

பிறகுதான் திறந்தார். தந்திகளைத் தளர்த்தி, அவை சிக்காதபடி கழுத்தில் ஒரு கவ்வியை மாட்டினார். தட்டு இருந்த நிலையைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். உள்ளே இருக்கும் கூம்பு திருகி வைத்ததல்ல. மர விளிம்பின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்துவைக்கிறது. அந்த விளிம்பில் காய்ந்துபோன பசைத் துளி ஒன்று. முன்பு யாரோ ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதனால் கூம்பு ஒரு பக்கம் சரியாகப் படியவில்லை. பசையைச் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் சமப்படுத்தினார். கூம்பையும் அதன் உச்சியிலுள்ள மர வில்லையையும் சேர்க்கும் திருகு லேசாகத் தளர்ந்திருந்தது; அதற்குக் கால் சுற்று. மூடித் தட்டின் திருகுகளை எதிரெதிராக, அளவோடு முடுக்கினார்.

உள்ளே பஞ்சு திணிக்கச் சொல்லும் காணொளி ஒன்றை நண்பர் காட்டினார். இரைச்சலோடு குரலும் போய்விடும் என்று அங்கிள் கையசைத்துவிட்டார்.

அடித்தந்தியை ஓங்கி மீட்டினால் இப்போதும் மெல்லிய உலோகக் கிணுகிணுப்பு எழுகிறது. அதையும் எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, அது வேண்டாமென்றால் சாதாரண பேஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். நண்பர் விற்பனைப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். பதிவு நாளன்று அப்பாவும் வந்திருந்தார், கையில் கோப்பியுடன்.

இப்படி ஒரு கருவியோடு போவதாக இருந்தால் வாரநாளில் போங்கள், கொஞ்சம் அமைதி கிடைக்கும். தந்திகளைக் கழற்றாமல் கொண்டுபோங்கள். கழற்றிவிட்டால் அவர் எதைக் கேட்டுத் தேடுவார்?