சர்க்கார் பத்திரமும் நம்முடைய விசாவும்

நம்மவர்களிடம் "சர்க்கார்" என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம் என்றால் பெண் வீட்டார் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் நம் அன்பர்கள் சிலர், சர்க்கார் கடன் பத்திரங்களை வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளை, அதாவது கில்ட் ஃபண்டுகளை, வங்கி டெபாசிட்டுக்கு உடன்பிறப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். உறவு உண்டு என்பது மெய்தான். சுபாவம் வேறு.

நான் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. 1980களில் மஸ்கட்டில் உழைத்துச் சேர்த்ததைச் சென்னையில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டார். வருஷத்துக்கு 24 சதவீத வட்டி என்றார்கள். கொஞ்ச காலம் ஒழுங்காகவும் கொடுத்தார்கள். 1990களின் பின்பாதியில் அப்படிப்பட்ட கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. முதலீட்டாளர்களைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சித்தப்பாவுக்கு அசலில் பாதிகூடத் திரும்பவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவன் 2006இல் சோஹாருக்கு வந்து சேர்ந்தபோது, அதிக வட்டி எங்கே என்று தேடவில்லை. அசலை விழுங்காத இடம் எது என்றுதான் தேடினேன். இந்திய அரசாங்கம் ரூபாயில் வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் போகாது. வங்கி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு என்றாலும் அது ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான். சர்க்கார் பத்திரத்துக்கு அந்த எல்லை இல்லை.

ஆனால் திருப்பித் தருவது எப்போது? இங்கேதான் சங்கதி இருக்கிறது. வருஷம் 7 சதவீத வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரம், இன்னும் பத்து வருஷம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு நாட்டில் வட்டி 8 சதவீதம் ஆகிவிட்டால், 7 சதவீதப் பத்திரத்தை யார் நூறு கொடுத்து வாங்குவார்கள்? அதன் விலை சுமார் 93க்கு இறங்கும். வட்டி 6 ஆகிவிட்டால் 107க்கு ஏறும். பத்திரத்தை நாமே நேரில் வாங்கிப் பத்து வருஷமும் வைத்திருந்தால் இந்த ஏற்ற இறக்கம் நம்மைத் தொடாது. கெடு முடிந்ததும் முழு நூறும் வந்து சேரும். ஃபண்டுக்கோ கெடு என்பதே கிடையாது. பத்திரங்களை அது வாங்கி விற்றுக்கொண்டே இருக்கும். நாம் வெளியே வருகிற நாளில் சந்தையில் என்ன விலையோ அதுதான் நமக்கு.

நானும் நாகப்பட்டினத்துக்கார நண்பர் ஒருவரும் 2013 மே மாதத் தொடக்கத்தில் ஒரே ஃபண்டில் பணம் போட்டோம். அவர் துறைமுகப் பக்கம் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் போர்மேன். ரியாலுக்கு அப்போது 140 ரூபாய். அந்த மாதக் கடைசியில் அமெரிக்க மத்திய வங்கி, தான் கடன் பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கலாம் என்று ஒரு குறிப்புக் காட்டியது. உடனே வெளிநாட்டார் இந்தியப் பத்திரங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள், ரூபாய் சரிந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க ரிசர்வ் வங்கி ஜூலை 15 அன்று, வங்கிகளுக்குத் தரும் அவசரக் கடனின் வட்டியை 8.25இலிருந்து 10.25 சதவீதமாக உயர்த்தியது. பத்து வருஷப் பத்திரத்தின் வட்டி மே மாதத்தில் 7ஐச் சற்றுத் தாண்டியிருந்தது, ஆகஸ்டில் 9ஐத் தாண்டிவிட்டது. எங்கள் ஃபண்டில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கரைந்துபோயிருந்தது.

"சர்க்கார் பேப்பர்னுதானே சார் சொன்னீங்க, இது எப்படிக் குறையும்?" என்று கேட்டார். மேலே சொன்ன கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். காத்திருந்தால் சரியாகும் என்றேன். காத்திருக்க அவருக்கு வழியில்லை. பிராஜெக்ட் முடிந்தது, விசா ரத்தானது, ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். பெண்ணின் கல்யாணம் தை மாதம் நிச்சயமாகியிருந்தது. செப்டம்பரில் ஃபண்டை விற்றார். ஒரே ஆறுதல், கிராஜுவிட்டி ரியாலில் வந்தது. ரியால் டாலரோடு கட்டப்பட்டது. ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது ரியாலும் 178ஐத் தொட்டது. பத்திரத்தை அடித்த அதே காற்று இந்தப் பக்கம் கொஞ்சம் கொண்டுவந்து போட்டது. நாம் வாங்கும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் என்பதால், எவ்வளவு என்று விவரிக்க வேண்டியதில்லை.

எனக்கு விசா இருந்தது, நான் தொடவில்லை. அடுத்த வருஷங்களில் வட்டி படிப்படியாக இறங்கியது. 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாது என்றான பிறகு வங்கிகளில் பணம் குவிந்து, பத்து வருஷ வட்டி 6.5க்கும் கீழே போயிற்று. பத்திரங்களின் விலை நன்றாக ஏறியிருந்தது, அப்போதுதான் விற்றேன். ஒரே மாதம், ஒரே ஃபண்டு. அவருக்கு நஷ்டம், எனக்கு லாபம். என் கெட்டிக்காரத்தனம் இதில் ஒன்றுமில்லை, என் கம்பெனிக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

வளைகுடாவில் இருக்கிற நமக்கு ஊர் திரும்பும் தேதியை நாம் குறிப்பதில்லை. ஆகவே ஒரு வருஷத்துக்குள் தேவைப்படக்கூடிய பணம், கல்யாணம், கட்டிமுடிக்காத வீடு இவற்றுக்கானது கில்ட் ஃபண்டில் இருக்கலாகாது என்பது என் அபிப்பிராயம். அதற்கு என்.ஆர்.ஈ. டெபாசிட்டே போதும், ஒரு வருஷமாவது வைத்திருந்தால்தான் வட்டி, ஆனால் வெளிநாட்டில் இருக்கும்வரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. ஃபண்டு விஷயம் அப்படியில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கில்ட் ஃபண்டில் வரும் லாபத்துக்கு, எத்தனை வருஷம் வைத்திருந்தாலும், சாதாரண வருமானம் போல வரி. நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். அதிகப்படி பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெற வேண்டும். ஏஜெண்டுகள் இதைச் சொல்வதற்குள் அவர்களுக்கு வேறு போன் வந்துவிடுகிறது.

சர்க்கார் பத்திரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, இன்ன வருஷத்தில் முடியும் என்று கெடு வைத்த ஃபண்டுகளும் இப்போது இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட் கணக்கில் பத்திரத்தை நேரடியாகவும் வாங்கலாம். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கும் அதில் இடமுண்டு. என் மகன் காலேஜ் சேரும் வருஷத்தில் முடிகிற பத்திரமாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். நண்பருடைய பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்காக எதில் போடலாம் என்று போன மாதம் நாகையிலிருந்து போன் செய்து கேட்டார். பையனுக்கு எத்தனை வயது என்றுதான் முதலில் கேட்டேன்.