மேட்டுக்கு அடியில்

1996-இல் வாங்கிய எங்கள் மாருதி 800-ஐப் புதுச்சேரி நண்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். குருசுக்குப்பத்தில் வீடு, கடல் கூப்பிடு தூரம். விடிந்தால் வண்டி மேல் உப்பு பிசுபிசுக்கும். தினமும் ஈரத் துணியால் துடைத்து, மாதம் ஒரு தடவை வாக்ஸ் போடுவேன். ஆபீசில் எல்லோரும் மெச்சுவார்கள்.

பக்கத்து சீட்டில் உட்காரும் என் மனைவி மட்டும், "காலடியில ஈரமா இருக்குதுங்க" என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சொன்னாள். "உனக்குப் பிரமை" என்றேன்.

கோடையில் டிங்கர் ரப்பர் மேட்டைத் தூக்கினார். தகரம் அப்பளமாக நொறுங்கியது. ஓட்டை வழியே தரை தெரிந்தது. அவள் தினமும் கால் வைத்த இடம்! கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டாம். மண் அடைத்து, தண்ணீர் உள்ளே கசிந்திருக்கிறது. பள்ளியில் நான் எழுதிய பிரெஞ்சு திக்தேயும் இப்படித்தான்: கையெழுத்து முத்து முத்தாக, உள்ளே பிழை மயம்.

தகடு வைத்துப் பற்றவைக்க நல்ல செலவு.

அதிலிருந்து வாக்ஸ் இரண்டாம் பட்சம். வாரம் ஒருநாள் மேட்டுகளை வெயிலில் காயப் போடுகிறேன். துடைப்பக் குச்சியால் கதவுத் துளைகளைக் குத்திவிடுகிறேன். வண்டியின் அடிவயிற்றுக்கும் நல்ல தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீர் உப்பு.

இப்போது வேறு கார். இருந்தாலும் என் மனைவி மேட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.