ஏழு குழி, எட்டு வால்வு

நமது வீட்டு வாசலில் ஓர் அம்பாஸடர் மோட்டார் வண்டி நிற்கிறது. காலஞ்சென்ற நமது தகப்பனார் 1979-ஆம் வருஷத்தில் வாங்கியது. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் மாதம் ஒரு முறை வந்து, அதைப் பிரதட்சிணம் செய்து, எடைக்கு இன்ன விலை என்று சொல்லிவிட்டுப் போவார். நமக்குச் சபலம் தட்டாமல் இல்லை. ஆனால் நமது தாயாருக்கு வயது 82. இரண்டு முழங்காலிலும் வாதம். இக்காலத்து வண்டிகளில் ஏறுவதென்றால் ஒன்று குழிக்குள் இறங்க வேண்டும், அல்லது மச்சுப்படி ஏற வேண்டும். அம்பாஸடரின் ஆசனமோ நம் வீட்டுத் திண்ணையின் உயரம். கதவைத் திறந்து, அப்படியே உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

ஆவணியில் கும்பகோணத்தில் பேத்திக்குக் கல்யாணம். ஆனி மாதம் நடுவில், தஞ்சாவூர் சாலையில், வண்டி தண்ணீரைக் கொதிக்க வைத்து வெண்புகை விட்டு நின்றுவிட்டது. திருச்சிக்குக் கட்டி இழுத்து வந்தோம்.

"வேறு காரில் அழைத்துப் போகிறேன், அம்மா" என்றோம்.

"ஏண்டா, உன் அப்பா வண்டியில் வருவதானால் வருகிறேன். இல்லாவிட்டால் இங்கிருந்தே அட்சதை போட்டுவிடுகிறேன். ஆசீர்வாதத்துக்குத் தூரம் ஏது?" என்றாள் தாயார்.

மேஸ்திரி வந்து பார்த்தார். சிறு பிராயத்திலிருந்து இந்த ஜாதி வண்டிகளையே பழுது பார்த்தவர். "ஹெட் காஸ்கெட் போய்விட்டது, ஸார். ஹெட்டைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான். இரண்டு நாள் வேலை" என்றார்.

அந்த இரண்டு நாள் ஒரு மண்டலம் ஆன கதையைத்தான் சொல்ல வந்தோம்.

யந்திர சாஸ்திரம் பயிலாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெட் என்பது எஞ்சினின் மூடி. பெட்ரோல் வெடிக்கும் நான்கு குழாய்களையும் மேலிருந்து மூடி, எட்டு வால்வுகளையும் தன்னகத்தே தாங்கி நிற்கும் கனத்த வார்ப்பிரும்பு. பிரஷர் குக்கர் மூடிக்கு ரப்பர் வளையம் எப்படியோ, அப்படி இதற்குக் காஸ்கெட். மூடியைப் பதினொரு நட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. அவற்றில் நான்கு, மேலே வால்வுகளை அமுக்கும் ராக்கர் தண்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆகையால் ஒன்றை முழுதும் கழற்றிவிட்டு மற்றதற்குப் போகக்கூடாது. எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, வரிசைப்படி தளர்த்த வேண்டும்.

தளர்த்த ஸ்பானர் வேண்டுமே! நட்டின் அகலம் 9/16 அங்குலம், அதாவது 14.29 மில்லிமீட்டர். மேஸ்திரியிடம் 14 இருந்தது; ஏறவில்லை. 15 இருந்தது; ஏறியது, ஆனால் நட்டின் முனைகளை மழுக்கிவிடும் போல் ஆடிற்று.

"உங்களிடம் அங்குல ஸ்பானர் இருந்ததே?" என்று கேட்டோம்.

மேஸ்திரி சற்று நேரம் தரையைப் பார்த்தார். "இருந்தது, ஸார். எங்கள் குருநாதர் கொடுத்தது. இனிமேல் அதை யார் கேட்கப் போகிறார்கள் என்று பையன் சொன்னான். போன வருஷந்தான் எடைக்குப் போட்டேன்" என்றார்.

யாரிடம் போட்டார் என்று விசாரித்தால், நம் வண்டியைப் பிரதட்சிணம் செய்யும் அதே வியாபாரி! ஓடிப் போய்க் கேட்டோம். அவை உருகி எத்தனையோ மாதங்கள் ஆகிவிட்டன.

பக்கத்துத் தெருவில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களைச் செப்பனிடும் ஒருவர், அங்குல ஸ்பானர்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார். பரம சந்தோஷத்துடன் வாங்கி வந்தோம். ஒன்றுகூடச் சேரவில்லை. அவை விட்வொர்த் அளவு. இங்கிலாந்தில் ஜோஸப் விட்வொர்த் என்பவர் 1841-இல் வகுத்த திருகு முறையைச் சேர்ந்தவை. அந்த ஸ்பானரில் 5/16 என்று பொறித்திருந்தால், அது போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். ஸ்பானரின் வாயோ 0.600 அங்குலம் இருக்கும். அதற்கு அடுத்த சிறியது 0.525. நமக்கு வேண்டிய 0.5625 இரண்டுக்கும் நடுவே, திரிசங்குவைப் போல நின்றது. யுத்த காலத்தில் அமெரிக்கத் திருகாணி பிரிட்டிஷ் யந்திரத்தில் சேராமல் திண்டாடிய பிறகு, 1948-ஆம் வருஷம் நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கானடா மூன்றும் கூடிப் பொதுத் திருகு ஒன்றுக்குக் கையெழுத்திட்டன. நமது எஞ்சின் அந்தப் பொது முறையில் பிறந்தது. இங்கிலாந்தில் உருவான அந்த எஞ்சினை வங்காளத்து உத்தரபாராவில் செய்து அம்பாஸடரில் பொருத்தத் தொடங்கிய அதே காலத்தில், 1958 அக்டோபரில், நமது தேசம் மெட்ரிக் அளவைக் கைக்கொண்டது. வண்டி மட்டும் அங்குலத்திலேயே நின்றுவிட்டது.

சென்னைக்கு எழுதினால் சரியான ஸ்பானர் நாலு நாளில் வரும் என்றார் கடைக்காரர். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. அன்று இரவே 14 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பானர் ஒன்றை எடுத்து, சிறு சாணைக் கல்லால் உட்புறத்தின் ஆறு முகங்களையும் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்தார். விடியற்காலையில் அது நட்டின் மேல் மோதிரம்போல் உட்கார்ந்தது. வாழ்நாளில் நாம் கண்ட அழகான காட்சிகளில் அதுவும் ஒன்று என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

நட்டுகள் வந்தன, ஹெட் வரவில்லை. பிளக்குகளை மாட்டியபடியே விட்டு எஞ்சினைச் சுழற்றினார் மேஸ்திரி. உள்ளே அடைபட்ட காற்றே முட்டி ஹெட்டைச் சற்றுத் தூக்கிக் கொடுத்தது. ஆனால் தண்ணீர்க் குழாய் சேருமிடத்தில், தெர்மாஸ்டாட் மூடியைப் பிடித்திருந்த மூன்று ஸ்டட்களில் ஒன்று துருப்பிடித்து முறிந்து போயிற்று. முறிந்ததை எடுக்க அதில் துளையிட்டு, இடப்புரி உளி ஒன்றைச் செலுத்தினார் மேஸ்திரியின் பையன். அந்த உளியும் உள்ளேயே முறிந்தது. அதுவோ கெட்டியாக்கிய எஃகு. எந்தத் துரப்பணமும் ஏறாது. பையனின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேஸ்திரி அவனை ஒன்றும் சொல்லவில்லை. முறிந்த முளையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, செக்கச் சிவந்தது ஆறும் சமயம் பார்த்து மெள்ளத் திருப்பினார். நட்டு, ஸ்டட், உளி மூன்றும் ஒரு குடும்பமாக வெளியே வந்தன.

வால்வுகளைக் கழற்றும்போது எது எந்த இடத்தது என்பது மாறக்கூடாது. தாயார் தமது பழைய பணியாரக் கல்லைக் கொடுத்தனுப்பினாள். குழிக்கு ஒரு ஜோடி: வால்வு, ஸ்பிரிங், லாக். ஆனால் கல்லில் குழி ஏழு, வால்வு எட்டு. எட்டாவதற்கு ஊறுகாய் ஜாடியின் மூடி கிடைத்தது.

அப்பொழுதுதான் பெரிய சங்கடம் புலனாயிற்று. வெளிப்புகை வால்வுகள் நான்கும் தத்தம் இருக்கையில் ஆழ அமிழ்ந்து கிடந்தன. 1921-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது முதல், பெட்ரோலில் ஈயச் சத்து ஒன்றைக் கலந்து வந்தார்கள். அந்த ஈயம் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெல்லிய பூச்சாகப் படிந்து காத்தது. மனிதரின், முக்கியமாகக் குழந்தைகளின், மூளைக்கும் இரத்தத்துக்கும் அது விஷம். ஆகையால் இந்தியாவில் 2000-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியோடு ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்கள். நல்ல காரியந்தான், அதில் நமக்கு மனஸ்தாபம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து, வெறும் வார்ப்பிரும்பில் கடைந்த இந்த இருக்கைகள் ஒவ்வொரு மைலுக்கும் கொஞ்சம் தேய்ந்து வந்திருக்கின்றன. இனி அவ்விடத்தைக் குடைந்து, கெட்டி எஃகு வளையம் பதிக்க வேண்டும்.

லேத் பட்டறைக்காரர் தயங்கினார். சற்று ஆழமாகக் குடைந்தால் பின்னாலுள்ள தண்ணீர் அறை ஓட்டையாகிவிடும். அப்புறம் ஹெட்டும் இரும்பு வியாபாரிக்குத்தான். தவிர, குடையும் கருவியை நேராக நிறுத்தும் கம்பி, வால்வின் கைடு என்ற குழலுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். குழலோ தேய்ந்து ஆடுகிறது. குழலை முதலில் மாற்றாமல் இருக்கையைத் தொட்டால் எல்லாம் கோணல்.

சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனோம். எட்டு கைடுகள் பளபளவென்று கிடைத்தன. கொண்டுவந்து பார்த்தால், சம்மட்டியால் அடித்து ஏற்ற வேண்டியவை விரலால் தள்ளினாலே உள்ளே போயின! காஸ்கெட்டும் அங்கேதான் வாங்கினோம். அது டீஸல் அம்பாஸடருடையது. துவாரங்கள் வேறு திசையில் பேசின. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். ஆனால் அதற்கு இன்னொரு முறை ரயிலேறினோம்.

கைடுகளை வெண்கலத்தில் புதிதாகக் கடைந்துவிடலாம் என்றார் லேத்காரர். உள்துவாரத்துக்கு 11/32 அங்குல ரீமர் வேண்டும். அவரிடம் இருந்தவை எட்டரையும் ஒன்பதும். ஒரு வாரம் அலைந்தோம். ஒரு நாள் மாலை அவரே கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய தகப்பனாரின் மரப்பெட்டியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, 11/32 ரீமர் ஒன்று இருந்ததாம். "இது எதற்கு என்று இத்தனை நாள் தெரியாது, ஸார். எறியவும் மனம் வரவில்லை" என்றார். மேஸ்திரி அதைக் கையில் வாங்கி வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தார். குருநாதரின் ஸ்பானர்களை நினைத்துக் கொண்டாரோ என்னவோ, நாம் கேட்கவில்லை.

எஃகு வளையங்கள் நான்கும் ஓர் இரவு நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில், தோசை மாவுக்குமேல் அறையில், உறைந்து கிடந்தன. காலையில் ஐஸ் கட்டிக்கு நடுவே வைத்து எடுத்துப் போனோம். பட்டறையில் ஹெட்டைச் சுடவைத்து, சுருங்கிய வளையத்தை விரிந்த குழியில் இறக்கினார்கள். நான்கும் பதிந்தன. ஹெட்டுக்குள் தண்ணீரை அழுத்திப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. நாம் வெளியே வந்து ஒரு காபி சாப்பிட்டோம்.

மாட்டுகிற அன்று கைப்புத்தகம் நட்டின் இறுக்கத்தை ராத்தல்-அடியில் சொல்லிற்று. இறுக்கும் கருவி நியூட்டன்-மீட்டரில் காட்டிற்று. நமது குமாரி 1.356-ஆல் பெருக்கிக் கடுதாசியில் எழுதிக் கொடுத்தாள். காஸ்கெட்டில் 'மேல்புறம்', 'முன்புறம்' என்று இங்கிலீஷில் அடித்திருந்ததை மேஸ்திரி மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் வண்டி மூன்றாம் சுழற்சியில் உயிர் பெற்றது. புகை இல்லை. தாயார் திண்ணையிலிருந்து, "அந்தச் சத்தந்தான்" என்றாள். பத்தாம் நாள் கும்பகோணத்துக்கு முன் ஆசனத்தில் உட்கார்ந்து போய், அட்சதையைத் தன் கையாலேயே போட்டாள்.

புது காஸ்கெட் அமர்ந்த பிறகு நட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். மேஸ்திரி அதற்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்தார். சென்னையிலிருந்து வந்த புது ஸ்பானரை நாம் நீட்டினோம். அவர் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தாம் தேய்த்த 14-ஐச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். வேலை முடிந்ததும் தாயார் பணியாரம் கொடுத்தாள்.

"எந்தக் கல்லில் வார்த்தது, பெரியம்மா?" என்று கேட்டார்.

"புதுக் கல்லப்பா, பயப்படாதே. பழையதை உனக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன்" என்றாள் தாயார்.