கூடுகளின் கணக்கு

ஊர்க்கிணற்றின் ஓரத்துப் பனையில் முப்பது தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கினால், அங்கே முப்பது இணைகள் குஞ்சு பொரிக்கின்றன என்றே எண்ணத் தோன்றும். பறவைக் கணக்கெடுப்புக்குச் செல்வோர் முதலில் கைவிட வேண்டிய எண்ணம் இதுவே.

மழைக்காலம் தொடங்கியதும் ஆண்குருவியின் தலை மஞ்சள் நிறம் பூணும். நெல்லின் தாளையும் பனையோலையையும் நீண்ட நாராகக் கிழித்துவந்து, அது ஒன்றே கூடு பின்னும். கூடு தலைக்கவசம் போன்ற பாதி வடிவை அடைந்ததும் பின்னலை நிறுத்திச் சிறகடித்துக் குரலெழுப்பும். பெட்டைகள் வந்து உள்ளே புகுந்து சோதிக்கும். பெட்டை ஏற்றுக்கொண்ட கூட்டுக்கே முட்டையறையும் நீண்ட நுழைவுக்குழலும் அமையும். புறக்கணிக்கப்பட்டவை அரைகுறையாகக் காற்றில் ஆடும். பெட்டை தனியே அடைகாக்கத் தொடங்க, ஆணோ அடுத்த கூட்டைப் பின்னத் தொடங்கிவிடும்.

இவ்வாழ்க்கை முறையைத் தெளிவாக விளக்கியவர் சலீம் அலி. 1930ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து திரும்பிய அவருக்கு, பம்பாய் அருங்காட்சியகத்தில் முன்பு பார்த்த வேலை இல்லாமற்போயிற்று. கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கியவர், வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். ஓர் ஆண் பல பெட்டைகளுடன் ஒன்றன்பின் ஒன்றாக இணைகிறது எனக் கண்டார். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை; வேலையற்றவரின் ஓய்வு உதவியது எனலாம்.

கணக்கெடுப்போர் சான்றுகளைத் தரம் பிரிப்பதும் இதனாலேயே. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1968 முதல் 1972 வரை நடந்த கணக்கெடுப்பு, இனப்பெருக்கத்தை ‘இயலக்கூடியது’, ‘பெரிதும் இயலக்கூடியது’, ‘உறுதியானது’ என மூன்று படிகளாகப் பதிந்தது. ஆண்பறவையின் பாட்டு முதற்படி. கூடு கட்டுவதைக் கண்டாலும் இரண்டாம் படிதான். அலகில் புழுவுடன் ஒரே புதருக்குள் மீண்டும் மீண்டும் நுழையும் தையல்சிட்டும், குஞ்சின் எச்சத்தைக் கவ்விச்சென்று தொலைவில் போடும் பறவையும் உறுதிச் சான்றுகள்.

இவற்றை எட்ட நின்றே காணலாம். நெருங்கிச்சென்று இலையை விலக்கிப் பார்ப்பது பெருந்தீங்கு. விலகிய இலை காகத்துக்கும் கூட்டைக் காட்டிவிடும்.

ஆகவே, கிணற்றோரப் பனைக்குச் செல்பவர் முழுக் கூடுகளையும் அரைக் கூடுகளையும் தனித்தனியே எண்ணுகிறார். பெட்டை இரையுடன் நுழைந்த கூடுகளை மட்டும் நாளும் நேரமும் இட்டு ‘உறுதி’ என எழுதுகிறார். நாளை அப்பனை வெட்டப்பட்டால், அங்கே எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன என்பதற்கு எஞ்சுவது அக்குறிப்பேடு மட்டுமே.