ஏரிக்கரையும் ஒரு வெளியூர்தான்

டோக்கியோவைப் பற்றி எழுதுவது சுலபம். சென்னைப் புறநகரில் இருக்கும் அயனம்பாக்கத்தைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். பயணக் கட்டுரை எழுதிப் பழகியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். டோக்கியோவைப் படிக்கிறவர் பெரும்பாலும் அங்கே போனவரில்லை, சொன்னதை நம்பிக்கொள்வார். அயனம்பாக்கம் ஏரியைப் பற்றி ஒரு வரி பிசகினாலும், கரையில் நடைபோகிற பெரியவரே வழிமறித்துக் கேட்டுவிடுவார்.

உள்ளூர்க்காரர் மடக்க முடியாதபடி எழுத முயன்றவர் ஏ.கே. செட்டியார். 1911-இல் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1940-இல் வந்த ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற புத்தகத்தின் பெயர் அவருக்கே பட்டமாக ஒட்டிக்கொண்டது. அவர் பக்கங்களில் இயற்கை வர்ணனை குறைவு, மனிதர்கள் அதிகம். வாக்கியங்கள் சின்னவை. கேலி உண்டு, ஆனால் குரல் உயராது.

காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் யோசனை 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் அவருக்கு வந்தது. அதற்காக ஏறக்குறைய லட்சம் மைல் அலைந்து, 50,000 அடி படச்சுருள் சேர்த்து, 1940 ஆகஸ்டில் படத்தை வெளியிட்டார். அந்த அலைச்சலைப் பின்னாளில் எழுதியபோதும் தன்னை ஓரமாகவே நிறுத்திக்கொண்டார். இன்று பயணம் எழுதுகிற பலருக்கு ஊரைவிடத் தங்கள் முகம்தான் பெரிதாக விழுகிறது. அது கேமராவின் கோளாறு இல்லை.

வெளிநாடு போனால்தான் பயணம் என்றும் அவர் நினைக்கவில்லை. உலகைச் சுற்றியவர் குடகு என்ற சின்ன மலைநாட்டுக்கு ஒரு தனிப் புத்தகம் எழுதினார். பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தேடித் தொகுத்தார். மற்ற எழுத்தாளர்களும் உள்ளூர்ப் பயணத்தை ஒதுக்கவில்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியைப் பின்தொடர்ந்து ‘நடந்தாய் வாழி, காவேரி’ எழுதினார்கள். அதே ஜானகிராமன்தான் ஆஸ்திரேலியாவைப் பற்றி ‘அடுத்த வீடு ஐம்பது மைல்’ என்றும் எழுதினார். தலைப்பிலேயே அந்த நாட்டின் அளவு தெரிந்துவிடுகிறது!

“உங்களுக்குப் பிடித்த ஊர் எது?” என்று பத்திரிகைகள் கேட்கும். பத்து ஊர்ப் பட்டியல் கேட்பதும் உண்டு. இந்தத் தொழிலில் பிடித்த ஊர் என்பது பெரும்பாலும் வழி கேட்க வேண்டியிருந்த ஊர்தான். கைபேசி வரைபடம் வழி கேட்கும் கேள்வியைப் பறித்துக்கொண்டது, கூடவே, “எங்கிருந்து வரீங்க?” என்ற எதிர்க்கேள்வியும் போய்விட்டது. கட்டுரையின் பாதி அதிலிருந்துதான் கிடைத்துக்கொண்டிருந்தது.

அயனம்பாக்கம் வட்டாரத்தில் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. தெற்கே சம்பந்தர் பாடிய திருவேற்காடு. வடக்கே சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில், அங்கே சன்னதி முன் எருக்கந்தூண்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்களும் பயணிகள்தானே! இரண்டுக்கும் நடுவே அம்பத்தூர். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கே வந்தது, 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. வேலை தேடி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் இங்கேயே மனை வாங்கி, வீடு கட்டி, ‘ஊருக்குப் போறோம்’ என்று தீபாவளிக்குப் பஸ் ஏறுகிறார்கள். இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கு எது ஊர்? ஏரிக்கரைக் கட்டுரை ஒன்று தொடங்க வேண்டிய இடம் இதுதான். கொக்கும் நீர்க்காகமும் இரண்டாம் பத்தியில் வந்தால் போதும்.

கையில் குறிப்பேடு இருந்தால் வாய் மூடிக்கொள்ளும் மனிதர்கள் உண்டு. அவர்களிடம் கேட்டதை அன்று ராத்திரியே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் அவர்கள் பேச்சு போய், எழுதுகிறவரின் பேச்சு வந்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.